கார் கம்பெனி கார் செய்கிறதா, கோர்க்கிறதா? மாட்யூல் உற்பத்தியும் சப்ளையர் உறவும்

நான்காம்கியர்:

இங்கே தொழிற்சாலைக்குள் வேலை பார்த்தவர்கள் நாலைந்து பேராவது இருப்பீர்கள் என்ற தைரியத்தில் கேட்கிறேன். இன்று ஒரு கார் ஃபேக்டரியின் கடைசி லைனில் டாஷ்போர்டு முழுசாக வந்து இறங்குகிறது. மீட்டர், ஏசி பெட்டி, ஸ்டீயரிங் தண்டு, வயரிங், ஏர்பேக் எல்லாம் பொருத்தி, சோதித்து, ஒரே உருப்படியாக. முன்பக்கம் ரேடியேட்டர், ஃபேன், ஹெட்லைட், பம்பர் பீம் சேர்ந்து இன்னொரு உருப்படி. சீட் வெளியிலிருந்து வருகிறது. ஆக்ஸில் சஸ்பென்ஷனோடு சேர்ந்தே வருகிறது. இப்படி முழுசாகக் கோர்த்து வரும் உருப்படியைத்தான் மாட்யூல் என்கிறார்கள். காரின் செலவில் பாதிக்கு மேல் வெளியில் வாங்கும் சாமான்களுக்குத்தான் போகிறது.

பிரேசிலில் ரெசென்டே என்ற ஊரில் ஃபோக்ஸ்வாகன் 1996-ல் ஒரு லாரி, பஸ் தொழிற்சாலை திறந்தது. அங்கே லைனில் நின்று வண்டியைக் கட்டுபவர்கள் எல்லோரும் சப்ளையர்களின் ஆட்கள். ஃபோக்ஸ்வாகன் ஆட்கள் டிசைன், தரச் சோதனை, விற்பனை என்று நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரு நட்டு கூட முடுக்குவதில்லை. அது இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, அவ்வளவு நல்ல ஏற்பாடு என்றால் உலகத்தில் மற்ற கார் கம்பெனிகள் எல்லாம் ஏன் அந்த வழிக்குப் போகவில்லை? எனக்கென்னவோ பழைய முதலாளிகளின் பிடிவாதம்தான் காரணம் என்று தோன்றுகிறது.

லைன்ஓரம்:

ரெசென்டே பற்றி ஆரம்பித்ததால் அதை முழுசாகச் சொல்லிவிடுவோம், ஏனென்றால் பாதி கதைதான் எப்போதும் சுற்றுகிறது. மொத்தம் 7 கூட்டாளிகள். சேசிஸ் மேக்சியன், ஆக்ஸிலும் சஸ்பென்ஷனும் ராக்வெல் (பிறகு மெரிட்டர்), சக்கரமும் டயரும் ரெமான், எஞ்சின் பக்கம் கம்மின்ஸும் எம்.டபிள்யூ.எம்.மும் சேர்ந்த ஒரு கம்பெனி, கேபின் கட்டுவது டெல்கா, பெயிண்ட் ஐசன்மான் தரப்பு, கேபினுக்குள் சீட், மீட்டர் வேலை வி.டி.ஓ. ஒரே கூரைக்குக் கீழே, யாருடைய இடம் எதுவரை என்று தரையில் மஞ்சள் கோடு போட்டுப் பிரித்திருந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் மேற்பார்வையாளர் ஒருவர் வண்டியோடு லைனில் நடந்து வருவார்.

இதில் கவனிக்க வேண்டியது காசு எப்போது கைமாறுகிறது என்பது. வண்டி கடைசிச் சோதனையைத் தாண்டினால்தான் கூட்டாளிகளுக்குப் பணம். அதாவது ஆக்ஸில்காரர் தன் வேலையைச் சுத்தமாக முடித்திருந்தாலும் பெயிண்ட்டில் கோளாறு என்று வண்டி ஓரம்கட்டப்பட்டால் அவர் பணமும் சேர்ந்து ஓரம்கட்டப்படும். கேட்க நன்றாக இருக்கிறது, எல்லோரும் எல்லோருடைய தரத்தையும் பார்த்துக்கொள்வார்கள் என்று. ஆனால் முதலீட்டின் ஒரு பங்கும், கிடங்கில் தூங்கும் சரக்கின் வட்டியும், விற்பனை படுத்தால் வரும் நட்டமும் சப்ளையர் தலைக்குப் போய்விட்டன. உங்கள் கேள்விக்கு அதில்தான் பாதி பதில் இருக்கிறது. அந்தச் சுமையைத் தூக்க எத்தனை பேர் தயார்?

மைக்ரான்:

மீதிப் பாதி பதில் வண்டியிலேயே இருக்கிறது. லாரியில் ஏணி மாதிரி ஒரு சேசிஸ், அதன்மேல் எஞ்சின், கீழே ஆக்ஸில், மேலே கேபின். எங்கே வெட்டலாம் என்று வண்டியே சொல்லிவிடும். கார் அப்படி இல்லை. பாடியே சேசிஸ். கதவு மூடும் சத்தம், ஸ்டீயரிங்கில் வரும் அதிர்வு, மோதும்போது எந்த இடம் மடங்க வேண்டும் என்பது, இதெல்லாம் எந்த ஒரு பாகத்திலும் இல்லை, எல்லாம் சேர்ந்த இடத்தில் இருக்கிறது. அதை வெட்டி ஏழு பேரிடம் கொடுக்க முடியாது.

ஒரு உதாரணம், நான் கிட்டே இருந்து பார்த்தது. புது மாடல் ஒன்றில் டாஷ்போர்டு மாட்யூல் வெளியே இருந்து வந்தது. கரடுமுரடான ரோட்டில், காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போது மட்டும், இடது ஓரத்தில் கிர்ர் என்று ஒரு சத்தம். மாட்யூல் சப்ளையர் தன் பெஞ்சில் ஆட்டிப் பார்த்தார், சத்தமே இல்லை. பாடி ஷாப்பில் அளந்தார்கள், டாஷ்போர்டைத் தாங்கும் குறுக்குக் குழாய் வந்து உட்காரும் பிராக்கெட் டிராயிங்கில் கொடுத்த டாலரன்ஸுக்குள்தான் (அனுமதித்த அளவு வித்தியாசத்துக்குள்தான்) இருந்தது, ஆனால் ஒரு ஓரத்தை ஒட்டி. மாட்யூலின் துளையும் டாலரன்ஸுக்குள், அதுவும் எதிர் ஓரத்தை ஒட்டி. இரண்டு பேரும் சரி. சேர்த்து முடுக்கினால் பிளாஸ்டிக் லேசாக முறுகி, பக்கத்தில் இருந்த ஏசி குழாயின் உதட்டில் உரசுகிறது. யார் தவறு? ஒப்பந்தத்தில் அதற்கு வரியே கிடையாது. முன்பு இரண்டு வேலையும் ஒரே கம்பெனிக்குள் இருந்தபோது ஃபோர்மேன் ஒருவர் அரம் எடுத்து வந்து பார்த்து, மாலைக்குள் பிராக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸரை நகர்த்தியிருப்பார். இங்கே மின்னஞ்சல், கூட்டம், மறுபடி அளவை, மூன்றாவது ஆள் வைத்து அளவை என்று போனது. கடைசியில் ஒரு துண்டு ஃபெல்ட் துணி ஒட்டினார்கள். அந்தத் துணிக்கு யார் காசு கொடுப்பது என்று அதற்கும் ஒரு கூட்டம்.

மாட்யூலாகப் பிரித்தால் ஒவ்வொரு எல்லையிலும் இப்படி ஒரு வேலை பிறக்கும். பிரிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. எல்லைக்கு இரண்டு பக்கமும் புரிந்த ஆள் கார் கம்பெனிக்குள் சம்பளத்தில் இருக்க வேண்டும் என்கிறேன்.

பர்சேஸ்காரன்:

எல்லோரும் சப்ளையருக்காகக் கண்ணீர் விடுவதற்குள் எதிர்த்தரப்பில் ஒரு ஆள் பேசட்டும். வீட்டுக்குள்ளேயே எல்லாம் செய்த கம்பெனிகள் என்ன நிலையில் இருந்தன என்று ஞாபகம் இருக்கிறதா? ஜெனரல் மோட்டார்ஸ் (ஜி.எம்.) தன் பாகங்களில் பெரும்பங்கைத் தானே செய்தது. வெளியே குறைந்த விலைக்கு அதே பாகம் கிடைத்தாலும் உள்ளே இருக்கும் பிரிவிடம்தான் வாங்கியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் நஷ்டம் கழுத்துவரை வந்தது. அப்போதுதான் 1992-ல் லோபெஸ் பர்சேஸ் (கொள்முதல்) தலைவராக வந்தார். ஹோசே இக்னாசியோ லோபெஸ் டி அரியோர்துவா, ஸ்பெயினின் பாஸ்க் பகுதிக்காரர், பின்னால் ஃபோக்ஸ்வாகனுக்குப் போய் ரெசென்டே யோசனையைக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

அவர் செய்தது முரட்டு வேலை என்று ஒப்புக்கொள்கிறேன். கையெழுத்தான ஒப்பந்தங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி கொட்டேஷன் கேட்டார். இரட்டை இலக்க சதவீதத்தில் விலைக் குறைப்பு. ஆனால் கம்பெனிக்கு மிச்சமானது கொஞ்சநஞ்சம் இல்லை. எந்த பர்சேஸ் ஆளும் வெளியே திட்டுவான், உள்ளுக்குள் அவரைப் போல ஒரு வருஷம் இருந்து பார்க்க ஆசைப்படுவான்.

மிதிவண்டி:

இவர்தானே லாபம் திரும்பும் வரை எல்லோரும் வாட்சை வலது கையில் கட்டுங்கள் என்று சொன்னவர்?

பர்சேஸ்காரன்:

அவரேதான். தன் ஆட்களைப் போர்வீரர்கள் என்றுதான் கூப்பிடுவார். 1993 மார்ச்சில் ஃபோக்ஸ்வாகனுக்குத் தாவினார், ரகசியக் காகிதங்களோடு போனார் என்று ஜி.எம். வழக்குப் போட்டது. 1996 நவம்பரில், ரெசென்டே திறந்த அதே மாதத்தில், ராஜினாமா. 1997 ஜனவரியில் சமரசம்: ஃபோக்ஸ்வாகன் 10 கோடி டாலர் கொடுத்தது, அதோடு 7 வருஷத்தில் 100 கோடி டாலருக்கு ஜி.எம்.மிடம் பாகங்கள் வாங்க ஒத்துக்கொண்டது. பர்சேஸ் தலைவர் செய்த கூத்துக்கு அபராதமே பர்சேஸ் ஆர்டராக வந்தது, ரசிக்கத்தக்க முடிவு.

லைன்ஓரம்:

ரசியுங்கள். ஆனால் அவர் விட்டுப்போனது என்ன என்பதையும் பாருங்கள். அதற்குப் பிறகு புதிதாக ஒரு யோசனை வந்தால் சப்ளையர்கள் முதலில் ஜி.எம்.முக்குக் காட்டத் தயங்கினார்கள். டிராயிங்கைக் கொண்டுபோய்க் காட்டினால் அது மறுநாள் போட்டியாளர் மேசையில் கொட்டேஷனுக்காகக் கிடக்கும் என்ற பயம். அடிமாட்டு விலைக்குக் கேட்பவனிடம் நல்ல மாட்டை எவன் ஓட்டிக்கொண்டு போவான்?

இதற்கு நேர் எதிரான கதை கிரைஸ்லர். அவர்களும் சாகக் கிடந்தவர்கள்தான். ஆனால் 1990-களில் சப்ளையரிடம் "விலையைக் குறை" என்று கேட்பதற்குப் பதில் "செலவு எங்கே வீணாகிறது, எங்கள் பக்கமும் சேர்த்துச் சொல்லு" என்று கேட்டார்கள். ஸ்கோர் என்று அந்தத் திட்டத்துக்குப் பேர். தேவையில்லாத ஒரு ஸ்பெக் (தொழில்நுட்ப நிபந்தனை), தேவைக்கு மேல் கனமான ஒரு இரும்பு, நாலு விதமாக இருந்த ஒரே ஸ்க்ரூ, இப்படிப்பட்ட யோசனைகள் ஆயிரக்கணக்கில் வந்தன. மிச்சத்தில் சப்ளையருக்கும் பங்கு. டிசைன் ஆரம்பிக்கும்போதே சப்ளையரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஒவ்வொரு முறையும் ஏலம் இல்லை. வண்டி உருவாகும் காலமும் சுருங்கியது.

பிறகு 1998-ல் டைம்லரோடு இணைப்பு. 2000 டிசம்பரில், நஷ்டம் வந்தவுடன், ஜனவரி 1 முதல் எல்லோரும் 5 சதவீதம் குறைக்க வேண்டும், அடுத்த 2 வருஷத்தில் இன்னும் 10 சதவீதம் என்று ஒரே அறிவிப்பு. பத்து வருஷம் பார்த்துப் பார்த்துச் சேர்த்த நம்பிக்கை, ஒரு கடிதத்தில் போச்சு.

நான்காம்கியர்:

அப்படியென்றால் மாட்யூல் என்பதே சப்ளையரைக் கசக்கும் வழிதான் என்கிறீர்களா? தொழில்நுட்ப லாபம் எதுவுமே இல்லையா?

லைன்ஓரம்:

நிச்சயம் இருக்கிறது. நான் சீட் ஆலையில் வேலை பார்த்தவன், அதனால் சொல்கிறேன். சீட்டைக் கார் லைனில் வைத்துச் செய்ய முடியாது. ஒரு மாடலுக்கு எத்தனை விதம்: துணி, லெதர், கலர், சூடாக்கும் கம்பி உண்டா இல்லையா, பக்கவாட்டு ஏர்பேக், மோட்டாரா கைப்பிடியா, ஸ்டீயரிங் எந்தப் பக்கம். எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு ஸ்டாக் வைத்தால் கிடங்கு ஊர் அளவு வேண்டும். அதனால்தான் வரிசைப்படி சப்ளை.

பெயிண்ட் முடிந்த பாடிகள் ஒரு இடத்தில் காத்திருக்கும், அங்கிருந்து உள்சாமான்கள் பொருத்தும் ட்ரிம் லைனுக்குள் ஒரு பாடி நுழைந்தவுடன் எங்கள் ஆலையில் பிரிண்டர் கரகரவென்று ஒரு லேபிள் துப்பும். அந்த நொடியிலிருந்து சில மணி நேரம்தான் கெடு. ஃபிரேம் எடு, ஃபோம் வை, உறை மாட்டு, கொக்கி போடு, ஏர்பேக் கனெக்டர் மாட்டி மின்சோதனை, நீராவி அடித்துச் சுருக்கம் நீக்கு, ராக்கில் ஏற்று. ராக்கை லாரியில் ஏற்றுவது தலைகீழாக: கடைசியில் வேண்டியது முதலில் உள்ளே போகும், முதலில் வேண்டியது கதவோரம். அங்கே இறக்கினால் நேரே லைனுக்கு, நடுவில் கிடங்கே இல்லை.

இப்போது ராக்கில் ஒரே ஒரு சீட் இடம் மாறிவிட்டது என்று வையுங்கள். பழுப்பு உள்ளலங்காரம் கேட்ட காருக்குக் கறுப்பு சீட் வந்து நிற்கும். அது ஒன்று தப்பினால் பின்னால் வரும் அத்தனையும் ஒரு இடம் தள்ளிப் போகும், யாராவது கவனிக்கும் வரை. லைன் நின்றால் நிமிஷக் கணக்கில் எங்களுக்கு டெபிட் நோட், அதாவது அபராதச் சீட்டு. எங்கள் ஆலையில் புதிதாகச் சேர்பவர்களுக்கு முதல் நாள் சொல்லும் பாடம் சீட் தைப்பது பற்றி இல்லை, லேபிள் ஒட்டாமல் ராக்கில் கை வைக்காதே என்பதுதான்.

எங்கள் மேலாளர்களும் கார் கம்பெனியின் லைன் மேலாளர்களும் பேர் சொல்லிக் கூப்பிடும் பழக்கத்தில் இருந்த வரை இது சத்தமில்லாமல் ஓடியது. பெயிண்ட்டில் கோளாறு என்று ஒரு பாடியை வரிசையிலிருந்து உருவினால் போன் வரும், நாங்களும் சரிசெய்துகொள்வோம். புது நிர்வாகம் வந்து எல்லாவற்றையும் சிஸ்டம் வழியாகத்தான் பேச வேண்டும் என்றது. அதன் பிறகு அதே தவறுக்கு இரண்டு பக்கமும் ஆதாரம் சேர்க்க ஆரம்பித்தோம்.

இரண்டாம்ஷிஃப்ட்:

இவ்வளவு நேரம் பேசியும் ஒருவர்கூடச் சம்பளம் என்ற வார்த்தையை எடுக்கவில்லை. பக்கத்துப் பக்கத்துக் கட்டடத்தில், ஏறக்குறைய ஒரே வேலை. ஒருவருக்குக் கார் கம்பெனி சம்பளம், இன்னொருவருக்கு சப்ளையர் சம்பளம். மாட்யூலின் தொழில்நுட்ப லாபத்தை எடுத்துவிட்டு இந்த வித்தியாசத்தை மட்டும் வைத்தாலே பல கம்பெனிகள் மாட்யூலுக்குத்தான் போயிருக்கும்.

1990-களின் கடைசியில் ஜி.எம். அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் என்று ஒரு திட்டம் வைத்திருந்தது, சின்னக் கார்களைப் பெரிய பெரிய மாட்யூலாக வாங்கிக் கோர்க்கும் ஆலைகள். தொழிற்சங்கம் எதற்காக எதிர்த்தது என்று நினைக்கிறீர்கள்? நட்டு முடுக்கும் முறைக்காகவா? வேலை சங்கத்துக்கு வெளியே, குறைந்த கூலிக்குப் போகிறது என்றுதான். திட்டம் அந்த வடிவத்தில் நடக்கவே இல்லை. அதே ஜி.எம். 2000-ல் பிரேசிலில் கிராவதாயில் 17 சப்ளையர்களை ஒரே வளாகத்தில் வைத்து ஆலை திறந்தது. புதிய இடம், புதிய ஆட்கள், பழைய ஒப்பந்தம் எதுவும் இல்லை. மாட்யூல் ஆலைகள் பெரும்பாலும் ஏன் வெறும் நிலத்தில் புதிதாக முளைத்தன என்று இப்போது புரிகிறதா?

ஃபோர்டு 2001-ல் பாஹியா மாநிலத்தில் காமசாரியில் சப்ளையர்களைத் தன் வளாகத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டு ஆலை தொடங்கியது. 2021 ஜனவரியில் மூடுகிறோம் என்றது. ஒரே வாடிக்கையாளரை நம்பி அவர் வாசலிலேயே கடை போட்டவர் அப்போது எங்கே போவார்?

மைக்ரான்:

இந்த வரிசையில் ஸ்மார்ட் என்ற குட்டிக் காரையும் சேர்க்க வேண்டும். பிரான்ஸில் ஹம்பாக், 1997. பிளஸ் குறி வடிவத்தில் கட்டடம், நடுவில் அசெம்பிளி, சுற்றிலும் சப்ளையர்கள்: பாடி கூடு மாக்னா, காக்பிட் (டாஷ்போர்டு மாட்யூல்) வி.டி.ஓ., வெளிப் பிளாஸ்டிக் பலகைகள் டைனமிட் நோபல், இப்படி. இறுதி அசெம்பிளி சில மணி நேர வேலைதான். பொறியியலாக எனக்குப் பிடித்த ஆலை. ஆனால் வருஷத்துக்கு 2 லட்சம் கார் என்று கணக்குப் போட்டுக் கூட்டாளிகள் எல்லோரும் முதலீடு செய்தார்கள், அந்த அளவை அது ஒருபோதும் எட்டவில்லை. லைன்ஓரம் சொன்ன மாதிரி, அந்த இடைவெளியின் பாரம் கூட்டாளிகள் மீதும் விழுந்தது. இப்போது அந்த ஆலை இனியோஸ் என்ற கம்பெனியின் கையில், ஜீப் மாதிரி ஒரு வண்டி அங்கே வருகிறது.

மிதிவண்டி:

ஒரு பாமரக் கேள்வி. டொயோட்டா எப்படி? அவர்களும் வெளியில்தானே வாங்குகிறார்கள், அங்கே மட்டும் எல்லோரும் குடும்பம் மாதிரி என்று எல்லாக் கட்டுரையிலும் எழுதுகிறார்கள்.

லைன்ஓரம்:

குடும்பம் என்பது கொஞ்சம் மிகை. டொயோட்டா விலைக் குறைப்பு கேட்காது என்று நினைத்தால் அதன் சப்ளையர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி வாங்கிவிடுவார்கள். வித்தியாசம் என்னவென்றால், குறைப்பது எப்படி என்று காட்ட ஆள் அனுப்புவார்கள், அந்த ஆள் உங்கள் பட்டறையில் நின்று ஸ்டாப்வாட்ச் பிடிப்பார்.

1997 பிப்ரவரி 1, ஜப்பானில் காரியாவில் டொயோட்டாவின் சப்ளையர் ஐசினின் ஆலையில் தீ. பிரேக்கில் பின் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சின்ன வால்வு, டொயோட்டாவுக்கு வேண்டியதில் கிட்டத்தட்ட எல்லாமே அந்த ஒரு ஆலையில்தான். ஓரிரு நாளுக்குக்கூடத் தாங்காத ஸ்டாக். ஜப்பானில் இருந்த டொயோட்டா லைன்கள் ஏறக்குறைய எல்லாம் நின்றுவிட்டன. அப்புறம் நடந்தது என்னவென்றால், ஐசின் தன் டிராயிங்குகளைத் திறந்து கொடுத்தது, 200-க்கு மேற்பட்ட கம்பெனிகள் இறங்கின, தையல் மெஷின் செய்யும் பிரதர் உட்பட. அந்த வால்வைத் துளையிடும் சிறப்பு மெஷின்கள் எல்லாம் எரிந்துவிட்டதால் சாதாரண மில்லிங் மெஷினில் கைவேலையாகக் குடைந்தார்கள். ஒரு வாரம் பத்து நாளில் உற்பத்தி பழைய நிலைக்கு நெருங்கிவிட்டது. காசு எவ்வளவு, யார் தருவார்கள் என்று பேசி முடித்துவிட்டா ஆரம்பித்தார்கள்? இல்லை. பிற்பாடு டொயோட்டா கொடுத்தது. கொடுக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

பர்சேஸ்காரன்:

அதே கதையை என் பக்கமிருந்து வாசிக்கிறேன்: ஒரே சப்ளையரிடம் முழு வால்வையும் வாங்கியதே தப்பு. நான் இரண்டு பேரிடம் பிரித்திருப்பேன், தீயணைப்பு வண்டியோடு விஷயம் முடிந்திருக்கும்.

மைக்ரான்:

பிரித்திருக்கலாம். ஆனால் டொயோட்டாவிடம் பிரிப்பதை விடப் பெரிய ஜாக்கிரதை ஒன்று இருந்தது. காரின் மின், எலெக்ட்ரானிக் பாகங்கள் தரும் டென்சோ 1949-ல் டொயோட்டாவிலிருந்தே பிரிந்த கம்பெனி, சொந்த ரத்தம். இருந்தும் காரில் எலெக்ட்ரானிக்ஸ் கூடக் கூட, எல்லாம் டென்சோவுக்கே தெரியும் நமக்கு ஒன்றும் தெரியாது என்ற நிலை வரக்கூடாது என்று 1989-ல் ஹிரோசேயில் சொந்த எலெக்ட்ரானிக்ஸ் ஆலை போட்டார்கள். வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்குவதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் தாங்களும் செய்தார்கள். முப்பது வருஷம் கழித்து, 2020-ல், அதை டென்சோவுக்கே கொடுத்துவிட்டார்கள்.

டிராயிங் விஷயமும் அப்படியே. சில பாகத்துக்கு டிராயிங் கார் கம்பெனி போட்டுக் கொடுக்கும், சப்ளையர் செய்து கொடுப்பார். சில பாகத்துக்குத் தேவையை மட்டும் சொல்வார்கள், டிராயிங்கை சப்ளையரே போட்டுக் கொண்டுவந்து ஒப்புதல் வாங்குவார். இரண்டாவது வகைதான் மாட்யூலுக்கு வழி. ஆனால் ஒப்புதல் கையெழுத்துப் போடுபவருக்கு டிராயிங் புரிய வேண்டுமே! நான் பார்த்த பல இடங்களில் மூத்த இன்ஜினியர்கள் ஓய்வுபெற்றார்கள், அவர்கள் இடத்தில் சப்ளையரைக் கண்காணிக்கும் இளைஞர்கள் வந்தார்கள், கையில் எக்செல் ஷீட் மட்டும். ஐந்தாறு வருஷத்தில் சப்ளையர் சொன்ன விலை நியாயமா என்று சொல்லவே ஆள் இல்லை. பர்சேஸ்காரன், உங்களைத்தான் கேட்கிறேன், பாகத்தின் செலவு தெரியாமல் எதை வைத்துப் பேரம் பேசுவீர்கள்?

பர்சேஸ்காரன்:

போன தடவை கொடுத்த விலையை வைத்து. சிரிக்காதீர்கள், பல இடத்தில் அப்படித்தான். இந்த இடத்தில் மைக்ரான் சொல்வது சரி, உள்ளே செலவு போட்டுப் பார்க்கத் தெரிந்த இன்ஜினியர் இருந்தால் என் வேலை பாதி.

ஆனால் பேரத்தில் எப்போதும் கார் கம்பெனி கைதான் ஓங்கி இருக்கும் என்று நினைக்காதீர்கள். 2016 ஆகஸ்டில் என்ன ஆனது? ப்ரிவென்ட் குழுமத்தின் இரண்டு சின்னக் கம்பெனிகள், ஒன்று சீட் உறை, இன்னொன்று கியர்பாக்ஸுக்கு வார்ப்புப் பாகம். ஃபோக்ஸ்வாகன் ஒரு ஒப்பந்தத்தை ரத்து செய்ததற்கு ஈடு கேட்டு சப்ளையை நிறுத்திவிட்டார்கள். கோல்ஃப், பசாத் லைன்கள் நின்றன, ஜெர்மனியில் 6 ஆலைகள், சுமார் 28 ஆயிரம் தொழிலாளர்களுக்குப் பாதிப்பு. விடிய விடியப் பேசி முடித்தார்கள். உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனிகளில் ஒன்று, சீட் உறைக்காக!

இரண்டாம்ஷிஃப்ட்:

மாற்று சப்ளையரிடம் போக வேண்டியதுதானே?

பர்சேஸ்காரன்:

எதை எடுத்துக்கொண்டு போவது? வார்ப்பு டை, அச்சு எல்லாம் அவர் ஆலையில். பல சமயம் அந்த டை கார் கம்பெனி காசில் செய்தது, மேலே இன்னாருடைய சொத்து என்று தகடு கூட அடித்திருக்கும். ஆனால் அது அவர் மெஷினில் பூட்டியிருக்கிறது, ஆலை வாசலில் அவர் காவலாளி. சப்ளையர் திவால் ஆகப்போகிறார் என்று வதந்தி வந்தால் முதலில் கிளம்புவது வக்கீல் இல்லை, கிரேன் வைத்த லாரி. அப்படியே டையை மீட்டுக்கொண்டு வந்தாலும் வேறு மெஷினில் ஏற்றி, மாதிரி எடுத்து, சோதித்து, ஒப்புதல் வாங்க மாதக்கணக்கு ஆகும்.

நான்காம்கியர்:

சரி, ஆனால் இதெல்லாம் நேரடியாக வாங்கும் சப்ளையர். அவருக்குக் கீழே, அவருக்கும் கீழே இருப்பவர்கள்? முழு மாட்யூலாக வாங்கினால் அதற்குள் யார் யார் சரக்கு இருக்கிறது என்று கார் கம்பெனிக்குத் தெரியுமா?

மைக்ரான்:

2011 மார்ச் வரை பலருக்குத் தெரியாது. ஜப்பான் நிலநடுக்கத்தில் ரெனசாஸின் நாகா சிப் ஆலை நின்றது. பத்து வெவ்வேறு சப்ளையரிடம் பத்து வெவ்வேறு பெட்டி வாங்குகிறோம், ஆபத்தைப் பிரித்துவிட்டோம் என்று நினைத்தவர்களுக்கு, அந்தப் பெட்டிகள் பலவற்றுக்குள்ளும் ஒரே ஆலையின் சிப் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. இன்னொன்று ஓனஹாமாவில் மெர்க் கம்பெனியின் ஒரு நிறமிப் பொடி, பெயிண்ட்டில் மினுமினுப்பு தருவது. உலகத்திலேயே அது ஒரு இடத்தில்தான் தயாரானது. அமெரிக்காவில் ஃபோர்டு சில கறுப்பு, சிவப்பு நிற ஆர்டர்களை நிறுத்தி வைத்தது.

அதற்குப் பிறகு டொயோட்டா கீழ் அடுக்குவரை யார் எதை எங்கே செய்கிறார்கள் என்று பட்டியல் எடுத்தது, சிப் விஷயத்தில் சப்ளையர்களைப் பல மாத ஸ்டாக் வைக்கச் சொன்னது. ஸ்டாக்கே பாவம் என்று உலகத்துக்குப் போதித்த கம்பெனி! 2021 சிப் பஞ்சத்தில் மற்றவர்கள் வருஷத் தொடக்கத்திலேயே திணறியபோது அவர்கள் அதனால் தாக்குப்பிடித்தார்கள். அதே வருஷம் செப்டம்பரில் அவர்களும் உலக உற்பத்தியை 40 சதவீதம் வெட்ட வேண்டி வந்தது, அது வேறு.

மிதிவண்டி:

நடுவில் ஒரு சந்தேகம். ஃபோக்ஸ்வாகன் எம்.க்யூ.பி., அது இதே விஷயம்தானே?

மைக்ரான்:

இல்லை. அது 2012-ல் வந்த பொதுப் பிளாட்ஃபார்ம், பல மாடலுக்கும் ஒரே அடித்தளம். பெடலுக்கும் முன் ஆக்ஸிலுக்கும் நடுவில் உள்ள தூரத்தை நிலையாக வைத்துக்கொண்டு மற்றதை நீட்டிச் சுருக்கிப் பல கார் செய்வது. அதன் முழு டிசைனும் ஃபோக்ஸ்வாகன் கையில். யார் செய்து கொடுக்கிறார்கள் என்பது தனிக் கேள்வி. சொல்லப்போனால் அப்படி எல்லைகளைத் தாங்களே கெட்டியாக வரைந்து வைத்திருப்பவர்கள்தான் வெளியில் தைரியமாக வாங்கலாம்.

டெஸ்லா எதிர்த்திசை. மாடல் ஒய் பின்பக்க அடிப்பாகத்தில் சுமார் 70 துண்டுகளை வெல்டிங் செய்வதற்குப் பதில் ஒரே வார்ப்பு. கோர்க்கவே வேண்டாம் என்றால் எல்லைச் சண்டையும் இல்லை. இடித்தால் பழுதுபார்க்கிறவர் படும் பாட்டைத் தனி இழையில்தான் பேச வேண்டும்.

நான்காம்கியர்:

முதலாளிகளின் பிடிவாதம் என்ற என் கட்சிக்கு இங்கே ஆளே சேரவில்லை, பரவாயில்லை. கடைசியாக ஒன்று: எலெக்ட்ரிக் காரில் பேட்டரிதான் மிகப் பெரிய, மிக விலை கூடிய மாட்யூல். அடியில் ஒரே பெட்டியாகப் போய் உட்காருகிறது, எல்லை சுத்தமாக இருக்கிறது. அதை வெளியில் வாங்குவதா, தானே செய்வதா?

பர்சேஸ்காரன்:

வாங்கு. ஆனால் ஒரே கையில் கொடுக்காதே. 2024-ல் நார்த்வோல்ட் என்ற சுவீடன் பேட்டரிக் கம்பெனி சரியான நேரத்துக்குத் தர முடியாமல் பி.எம்.டபிள்யூ. 200 கோடி யூரோ ஆர்டரை ரத்து செய்தது. வேறு சப்ளையர்களிடமும் ஆர்டர் இருந்ததால் தப்பித்தார்கள். 2025 மார்ச்சில் நார்த்வோல்ட் சுவீடனில் திவால்.

மைக்ரான்:

பி.எம்.டபிள்யூ. தப்பித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவர்கள் செல்லை (பேட்டரிப் பெட்டிக்குள் இருக்கும் தனித்தனி அலகை) மொத்தமாக உற்பத்தி செய்வதில்லை, ஆனால் செல் எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய்ச்சி செய்யவும் சின்ன அளவில் செய்து பார்க்கவும் மியூனிக் பக்கம் சொந்தக் கூடம் வைத்திருக்கிறார்கள். யாரிடம் வாங்கினாலும் ஸ்பெக் அவர்களுடையது. சீனாவின் பி.ஒய்.டி. பேட்டரியைத் தானே செய்கிறது, அது பேட்டரிக் கம்பெனியாகப் பிறந்து காருக்கு வந்தது, அதை எல்லோரும் காப்பி அடிக்க முடியாது.

இரண்டாம்ஷிஃப்ட்:

அந்தப் பேட்டரி ஆலையில் வேலை பார்ப்பவர் யார் சம்பளப் பட்டியலில் இருப்பார் என்று கேட்டால் மறுபடி இழை முதலிலிருந்து ஓடும், கேட்கவா?

லைன்ஓரம்:

கேளுங்கள். ஆனால் புது இழை போடுங்கள், எனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது.